இருபது சதவீதத் தள்ளுபடியில் ஒரு கொலை

"ஐயோ... முதலாளி!"

பூவம்மா போட்ட கூச்சலில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் பஃபலோ சாலை ஒரு கணம் நின்றது. பிறகு, காய்கறி விலை கேட்கப் போய்விட்டது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. துவாஸ், ஜூரோங் என்று தீவின் அந்தக் கோடியிலிருந்து வந்த லீவு நாள் கூட்டம் அங்கமுத்து ஸ்டோர்ஸுக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தது.

கடையின் பின்பக்கம், முதலாளியின் ஆபீஸ் அறை. தரையில் குப்புறக் கிடந்தார் அங்கமுத்து. பின்மண்டையில் ரத்தம்... மூச்சு இல்லை.

பக்கத்தில் இனியா.

இனியாவின் கையில் ஓர் அடி உயரப் பித்தளைக் குத்துவிளக்கு!

கீழே கிடக்கும் பொருளை எடுத்து ஒழுங்காக வைக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்த திருச்சிப் பள்ளிக்கூடத்தை இந்த இடத்தில் திட்டத்தான் வேண்டும். அறைக்குள் வந்தாள். விளக்கு கிடந்தது. எடுத்தாள். அப்புறம்தான் விளக்குக்கு அந்தப் பக்கம் முதலாளியும் கிடப்பதைப் பார்த்தாள். அதே நேரம் பார்த்து உள்ளே வந்து சேர்ந்தாள் கேஷியர் பூவம்மா.

இன்ஸ்பெக்டர் மோகனப்பிரியா வந்தார். குட்டையான உருவம், தூங்கி எழுந்த மாதிரிக் கண்கள். அந்தக் கண்களை நம்பிப் பொய் சொன்னவர்கள் பலர் சாங்கி சிறையில் இருக்கிறார்கள்.

"நீங்க இந்தக் கடையில என்ன வேலை பாக்குறீங்க?"

"கடையில இல்ல மேடம். பில் போடற சிஸ்டம் கம்பெனி. இ-கூப்பன் செட்டப் பண்ண வந்தேன்."

"அவருக்கும் உங்களுக்கும் சண்டையாமே?"

சண்டைதான். காலையில் அவள் செய்த காரியம் அப்படி. தீபாவளி கூப்பனுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி என்று சிஸ்டத்தில் ஏற்ற வேண்டும். சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுக்காமல் வெள்ளி, அதாவது டாலர், என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். போனில் கூப்பன் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் இருபது வெள்ளி தள்ளுபடி! துவாஸ் தொழிலாளர் விடுதி ஒன்றே திரண்டு வந்து முறுக்கு பாக்கெட்டுகளைச் சும்மா அள்ளிக்கொண்டு போனது. போகும்போது சிலர் அவளை வாழ்த்தவும் செய்தார்கள். அப்புறம்தான் அதைச் சதவீதமாகத் திருத்தினாள்.

அங்கமுத்து கடை அதிரக் கத்தினார். இனியாவின் பாஸ் ஸ்ரீநாத், இன்னும் ஒரே ஒரு தப்பு நடந்தால் வேலை பர்மிட்டை ரத்து செய்து திருச்சி விமானத்தில் ஏற்றிவிடுவேன் என்றான். அந்தக் கடுப்பில் இனியா, எல்லார் காதிலும் விழும்படி, ஒருநாள் இந்த ஆள் மண்டையில் எதையாவது போடப் போகிறேன் என்று சொல்லித் தொலைத்தாள்.

அதைப் பூவம்மா இன்ஸ்பெக்டரிடம் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்திருந்தாள். நாலு மணிக்கு முதலாளிக்குத் தேநீர் கொடுத்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார் என்றும், நாலரைக்குக் கப்பை எடுக்கப் போனபோது இந்தக் கோலம் என்றும் சேர்த்துச் சொன்னாள். கடைக் கேமராவோ, புது மெஷினுக்கு ஒயர் இழுப்பதற்காகக் காலையிலிருந்தே கழற்றிக் கிடந்தது.

சிங்கப்பூரில் கொலைக்கு என்ன தண்டனை என்பது இனியாவுக்குத் தெரியும். திருச்சி விமானம் எவ்வளவோ மேல் என்று இப்போது தோன்றியது.

"மாமா...!"

அலறிக்கொண்டே வந்தான் வெங்கடேஷ். இறந்தவரின் அக்கா மகன். தோ பாயோ வட்டாரத்தில் இருக்கும் அவருடைய இன்னொரு கடைக்கு மேனேஜர். நெற்றி நிறைய விபூதி, கண் நிறையக் கண்ணீர்... கண்ணீர் கொஞ்சம் கூடுதல்தான்.

இன்ஸ்பெக்டர் வழக்கப்படி அவனையும் கேட்டார். சாயங்காலம் எங்கே இருந்தீர்கள்?

"தோ பாயோல மேடம். எங்க கடையிலதான். இதோ பாருங்க."

போனை நீட்டினான். கடையின் ஆப். அதில் பச்சை எழுத்து. கூப்பன் பயன்படுத்தப்பட்டது. தோ பாயோ கிளை. மாலை 4.15.

"ஒரு ஆளுக்கு ஒரு கூப்பன்தான் மேடம். என் போன் இல்லாம எடுக்க முடியாது. நாலேகாலுக்கு நான் அங்க இருந்தேன்னா, இங்க எப்படி இருக்க முடியும்?"

நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமைப் போக்குவரத்தில் தோ பாயோவிலிருந்து வந்து, கொலை செய்து, கை கழுவ நேரம் போதாது. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். தூங்கி எழுந்த கண்கள் இனியா பக்கம் திரும்பின.

இனியா அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது பெருமை. அப்பாடா, நம்ம கூப்பன் ஒழுங்காக வேலை செய்கிறது!

இரண்டாவதாக வந்தது குளிர் ஜுரம்.

தோ பாயோ...?

போன வாரம் தோ பாயோ கடையில் ஒரே ஒரு செல்ஃப் செக்அவுட் மெஷின் வைத்தாள். கேஷியர் இல்லாமல் வாடிக்கையாளரே பொருளைக் காட்டி, கூப்பனைக் காட்டி, காசு கட்டிப் போகிற மெஷின். இரண்டு கடைகளுக்கும் சேர்த்து இ-கூப்பன் எடுக்கும் மெஷின் அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை அங்கமுத்து மனசு மாறினார். கூட்டமெல்லாம் லிட்டில் இந்தியாவில்தானே, அதைத் தூக்கி இங்கே வை என்றார். தூக்கி வந்து வைத்தாள். பக்கத்துச் சந்தில் திறக்கும் வாசலை ஒட்டி.

ஆனால் மெஷினுக்குள் கிளையின் பெயரை மாற்ற மறந்துபோனாள்.

அந்த இன்னும் ஒரே ஒரு தப்பு... அது ஏற்கெனவே நடந்துவிட்டது!

ஸ்ரீநாத் அவளுக்கு எதிரேதான் நின்றிருந்தான். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் கழுத்து போகும். இனியா அரை விநாடி யோசித்தாள். அந்த அரை விநாடியும் ஸ்ரீநாத்தின் முகத்துக்குக் கொடுத்த மரியாதை.

"மேடம், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அறையே அவளைப் பார்த்தது. ஒரு கான்ஸ்டபிள் கைவிலங்கைத் தொட்டான்.

"ஐயோ, அந்தத் தப்பு இல்ல. மெஷின்ல கிளைப் பேரு மாத்தல. தோ பாயோன்னு காட்டற மெஷின் தோ பாயோல இல்ல மேடம். இந்தக் கடையில, சந்துக் கதவுகிட்ட இருக்கு."

வெங்கடேஷின் கண்ணீர் குழாயை மூடியது போல நின்றது.

"பொய் மேடம். மெஷின் என் கடையிலதான் இருக்கு. தினமும் பாக்குறேன்."

"தினமும்?" என்றார் மோகனப்பிரியா.

தோ பாயோ கடைக்குப் போன் போனது. ஸ்பீக்கரில் கேஷியர் சுசீலா பேசினாள். மெஷினை வெள்ளிக்கிழமையே தூக்கிப்போய்விட்டார்கள் என்றாள். மேனேஜர் சார் இன்றைக்கு வந்தாரா என்று கேட்டதும் சிரித்தேவிட்டாள்.

"அவரா? பொங்கலுக்கு வந்தாரு மேடம்."

வெங்கடேஷ் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

நடந்தது இதுதான். பொருள் வாங்கிக்கொண்டு மாமாவைப் பார்க்க உள்ளே போனான். கடைப் பக்கமே தலைகாட்டாத மேனேஜர் எதற்கு, தோ பாயோவை சுசீலாவிடம் கொடுக்கப் போகிறேன் என்றார் மாமா. ஆத்திரம். ஒரே அடி. கைரேகையை டிஷ்யூவால் துடைத்துவிட்டுச் சந்து வழியே வெளியேறியபோது, போனில் அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்தான். தோ பாயோ! முருகனே பார்த்து அனுப்பிய சாட்சி என்று நினைத்துக்கொண்டான்.

தன் கடைக்கு ஒரே ஒருநாள் போயிருந்தால் தப்பித்திருப்பான்.

"இனியா, நாலேகாலுக்கு அந்தக் கூப்பன்ல என்ன வாங்கியிருக்குன்னு பாக்க முடியுமா?"

எல்லாரும் சந்துக் கதவருகே போனார்கள். மெஷினைத் தட்டினாள் இனியா. திரையில் வந்ததைச் சத்தமாகப் படித்தாள்.

"பித்தளைக் குத்துவிளக்கு... ஒரு அடி... ஒண்ணு."

எல்லார் பார்வையும் கான்ஸ்டபிள் கையில் பிளாஸ்டிக் பைக்குள் கிடந்த விளக்கின் மேல் போனது. கொலை ஆயுதத்துக்கும் இருபது சதவீதம் தள்ளுபடி வாங்கியிருந்தான் புண்ணியவான்!

"நீங்க வாங்குன விளக்கு இப்ப எங்க, மிஸ்டர் வெங்கடேஷ்?"

வெங்கடேஷ் சந்துக் கதவை ஓரக்கண்ணால் பார்த்தான்.

இனியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பூவம்மா தன் முந்தானையையே நீட்டினாள். மன்னிப்பு கேட்கிற மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது.

ஸ்ரீநாத் மெல்ல அருகே வந்து, கொலை வேறு, வேலை வேறு, நாளைக்கு டிக்கெட் போடுகிறேன் என்று ஆரம்பித்தான்.

மோகனப்பிரியா திரும்பினார். "இவங்கதான் என் முக்கிய சாட்சி. கேஸ் முடியற வரைக்கும் சிங்கப்பூரை விட்டு நகரக் கூடாது. நீங்க சம்பளத்தை ஒழுங்கா போடுங்க லா," என்றார், சிங்கப்பூர்க்காரர்களுக்கே உரிய அந்த 'லா'வோடு.

ஸ்ரீநாத் போனில் திறந்து வைத்திருந்த டிக்கெட் பக்கத்தை மூடினான்.

விலங்கு பூட்டப்பட்ட வெங்கடேஷ் வாசல் வரை போனவன், நின்றான்.

"மேடம்... அந்த விளக்கு எனக்கு வேணாம். நான் வாங்கவே இல்லைன்னு வச்சுக்கலாமே?"

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார்.

"ஆஃபர்ல எடுத்த சாமானை ரிட்டர்ன் வாங்க மாட்டாங்க. வண்டில ஏறுங்க."