அவளுடைய ஒரு மணி நேரம்

வண்டியிலிருந்து கடைசியாக இறங்கியது மெத்தை. எலக்ட்ரீஷியன் அதைத் தோளில் சுமந்துகொண்டு அந்தப் பழைய வாடகை வீட்டுக்குள் நுழைந்தபோது, அவனுடைய அக்கா சமையலறையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பிள்ளைகளில் பெரியவள் தன் தம்பியின் கையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். எட்டு வயதுக்கு அவளுக்குப் பொறுப்பு கொஞ்சம் அதிகம். தம்பிக்கு மூன்று வயது. வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான்.

"இடத்த மாத்தினா மனசும் கொஞ்சம் மாறும்டா," என்றாள் அக்கா. "அந்த வீட்ல எங்க திரும்பினாலும் அவ ஞாபகம்தான உனக்கு."

அவன் தலையாட்டினான். தலைவலி தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருந்த மனைவி, ஒருநாள் அதே தலைவலியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளை மறக்க அவனுக்கு ஆசையில்லை. ராத்திரியில் தூக்கம் வந்தால் போதும்.

அன்று அக்கா ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, பிள்ளைகளைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு ஹாலுக்கு வந்தான். சமையலறை விளக்கு அணைந்திருந்தது. நாமே அணைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டான். மறுநாளும் அதே கதை. பழைய வீடு, பழைய வயரிங் என்று திட்டிக்கொண்டே சுவிட்சைக் கழற்றிப் புதிதாக மாட்டினான். அதற்கடுத்த நாளும் விளக்கு அணைந்துதான் கிடந்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்தான். ஊருக்கெல்லாம் பழுது பார்க்கிறவனுக்குத் தன் வீட்டுப் பழுது பிடிபடவில்லை.

கரண்ட்டில் ஒரு குறையும் இல்லை. யாரோ கையால் அணைத்திருந்தார்கள்.

அப்போதுதான் தைல வாசனை வந்தது.

மனைவியின் தைலம். உயிரோடு இருந்தபோது அவள் அப்படித்தான். பிள்ளைகள் தூங்கியதும் விளக்கை அணைத்துவிட்டு, தைலம் தேய்த்துக்கொண்டு, சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். "இந்த ஒரு மணி நேரமாவது என்ன விட்ருங்க," என்பாள். யார் விட்டார்கள்? சார்ஜர் எங்கே என்று இவன் கேட்பான். அம்மா என்று வாலு சிணுங்குவான். ஒவ்வொரு முறையும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவாள்.

"நீதானா?" என்றான் இருட்டைப் பார்த்து.

உள்ளே ஒரு மூச்சு நின்றது. வாசனை அடங்கிப்போனது.

பேசினால் போய்விடுகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. அதன்பிறகு அவன் வாயே திறக்கவில்லை. தினமும் ஹாலில், மங்கலான பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, சமையலறையிலிருந்து வரும் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவள் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று கிடந்தான்.

ஒரு ராத்திரி வாலு தூக்கத்தில் அழ ஆரம்பித்தான்.

"அம்மா..."

சமையலறையில் வளையல் குலுங்கியது.

முட்டி சொடுக்கும் சத்தம். ஒரு பெருமூச்சு. பிறகு காலடி, மெதுவாக, ஹாலை நோக்கி வந்தது.

அப்படியே அசையாமல் இருந்தால் இன்னும் இரண்டு எட்டில் வெளிச்சத்துக்கு வந்துவிடுவாள். முகம் தெரிந்துவிடும்.

ஆனால் அந்தப் பெருமூச்சு அவன் நெஞ்சைப் பிசைந்தது. செத்த பிறகுமா இவளை எழுப்ப வேண்டும்?

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"நீ உக்காரும்மா," என்றான். "நான் பாத்துக்கறேன்."

காலடி நின்றது.

திரும்பிப் பார்க்காமல் அறைக்குள் போய் வாலுவின் பக்கத்தில் படுத்து, முதுகில் தட்டினான். பின்னால் சமையலறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பிறகு அழுகை. துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற அழுகை.

வாலு தூங்கிவிட்டான். பெரியவள் விழித்துக்கொண்டு கிடந்தாள்.

"பயப்படாதீங்கப்பா," என்று கிசுகிசுத்தாள். "அந்த வீட்ல இருந்தப்பவும் அம்மா தெனமும் இப்படித்தான் அழுவாங்க. உங்களுக்குக் கேக்காம."

அவன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டான். கதவுக்கு அந்தப் பக்கம் அழுகை விடியும்வரை ஓயவில்லை.