லுட்டீஷாவின் இறகு வளையம்

லுட்டீஷாவை அடக்கம் செய்த ஈரம்கூடக் காயவில்லை, அவள் பிள்ளைகள் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். மலைக்குப் பின்னால், ஓடை பிரியும் இடத்தில் இருந்த பழைய மரவீடு அது. நானும் என் நாத்தனார் ஆர்வெல்லாவும் போய்ச் சேர்ந்தபோது நல்ல சாமான்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. எனக்கு நல்ல சாமான் வேண்டாம். உடைந்த நாற்காலிக் கால், டீ வடிகட்டி, கறைபட்ட லேஸ் விரிப்பு, மரக்கரண்டி, ஜாடி மூடி, இவைதான் வேண்டும். கரண்டிக்குப் பாவாடை கட்டினால் தேவதை. நாற்காலிக் காலுக்கு இறக்கை ஒட்டினாலும் தேவதை. எங்கள் சர்ச்சின் கிறிஸ்துமஸ் விற்பனையில் முதலில் காலியாவது ட்ரீமாவின், அதாவது என், தேவதைகள்தான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மாடி அறையில் புகையிலைப் பொடி நாற்றம். லுட்டீஷா சாகும்வரை உதட்டுக்குள் பொடி அடக்கியவள். வெறும் கட்டிலில் ஒரு வாத்திறகுத் தலையணை கிடந்தது.

"அண்ணி, தொடாதீங்க," என்று கிசுகிசுத்தாள் ஆர்வெல்லா. "அவ உசுரு போனது அதுலதான்."

"போன உசுருக்கு எதுக்குடி தலகாணி? எனக்கு றெக்கைக்கு எறகு வேணும்."

"பிள்ளைங்க தடவிப் பாத்தாங்களான்னாவது கேளுங்க."

எங்கள் மலையில் யாராவது செத்தால் முதலில் தலையணையைத் தடவிப் பார்ப்போம். உள்ளே இறகுகள் தாமாகவே பின்னிக்கொண்டு வளையமாகக் கெட்டிப்பட்டிருந்தால் அது மகுடம். செத்தவர் சொர்க்கம் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். அதைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டுவார்கள். ஆனால் வளையம் முழுதாக மூடியிருக்க வேண்டும். மூடாத வளையத்தை யாரும் வீட்டில் வைக்க மாட்டார்கள். அதற்குரியவர் இன்னும் வாசலிலேயே நிற்கிறார், நோயில் கிடக்கும் இன்னொருவர் மூச்சை எடுத்துத்தான் அதை மூடுவார் என்பார்கள்.

அதெல்லாம் வேலையில்லாதவர்கள் பேச்சு என்று நினைப்பவள் நான். தலையணையைப் பெட்டியில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் என் கணவர் ஹோபர்ட், அடுப்புக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். சுரங்கத்தில் உழைத்து நெஞ்சு முழுக்கக் கரித்தூள். வசந்தம் வரைக்கும் தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதற்கெல்லாம் நான் தலையாட்டுவதில்லை.

தலையணையைக் கிழித்ததும் கையில் கெட்டியாகத் தட்டுப்பட்டது. பழுப்பேறிய இறகு வளையம், இறுக்கமாக, அழகாக. ஒரு இடத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் கம்பி கோப்பதற்குத் தோதான இடைவெளி என்றுதான் தோன்றியது. லுட்டீஷாவின் நாற்காலிக் காலில் ஒரு பெரிய தேவதை செய்து, கம்பியில் வளையத்தைச் செருகித் தலைக்கு மேல் நிறுத்தினேன். ஜன்னல் ஓரம் மற்ற தேவதைகளோடு வைத்தேன்.

ஹோபர்ட் திரும்பிப் பார்த்தார். "யாருடி இவ? மொறைக்கிறா."

"நான் எந்தத் தேவதைக்கு மூஞ்சி வரஞ்சிருக்கேன்? சும்மா கெடங்க."

"மூஞ்சி இல்லதான். ஆனா மொறைக்கிறா."

அந்த வாரமே அவர் மூச்சு மோசமானது. பேச ஆரம்பித்தால் வாக்கியத்தின் பாதியில் நின்றுவிடும். சோள ரொட்டியை மோரில் ஊறவைத்துக் கொடுத்தாலும் விழுங்க முடியவில்லை. வீட்டில் புகையிலைப் பொடி நாற்றம் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் பொடி போடுவதில்லை.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். விளக்குப் போட எழுந்தவள், ஜன்னல் பக்கம் உலர்ந்த சருகு நகர்வதுபோல ஒரு சத்தம் கேட்டு நின்றேன்.

சர்ர்.

பிறகு மிக மெல்லிய ஒரு 'டக்'.

இறகு பிடுங்கும் சத்தம். கோழி உரித்தவர்களுக்குத் தெரியும்.

விளக்கைப் போட்டேன். வரிசையில் நின்ற என் தேவதைகளின் இறக்கைகள் அங்கங்கே சொட்டையாக இருந்தன. பெரிய தேவதையின் தலையில் இருந்த வளையத்தின் இடைவெளியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. சுண்டுவிரல்தான் நுழைந்தது.

மறுநாள் ஆர்வெல்லாவிடம் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, மூடுது. அண்ணனோட மூச்ச எடுத்து அந்தக் கிழவி மூடுறா."

"மூடட்டும் பாக்கலாம்," என்று சொல்லி, வளையத்தை உருவிக் கணப்பு அடுப்பில் எறிந்தேன்.

ஹோபர்ட்டின் உடம்பு வில்லாக வளைந்தது. வாய் திறந்திருந்தது, காற்று போகவில்லை. கண்கள் என்னைப் பார்த்துக் கெஞ்சின. எதையும் யோசிக்கவில்லை. நெருப்புக்குள் கையை விட்டு வளையத்தை வெளியே இழுத்தேன். என் கை பொசுங்கியது. இறகு ஒன்றுகூடக் கருகவில்லை.

அவர் மூச்சு திரும்பியது. ஆர்வெல்லா சுவரோடு ஒட்டி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"வேற யார்கிட்டயாவது குடுத்துருவோம் அண்ணி."

"குடுத்து? எவளாவது அடுப்புல போட்டா? இது என் கண்ணு முன்னாலயே இருக்கும்."

எனக்கு அழுகை வரவில்லை. அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. நாற்பது வருடம் அந்த மனிதரைச் சுரங்கம் தின்றது. மிச்சம் வைத்ததைத் தின்ன ஒரு செத்த கிழவி வந்திருக்கிறாள். வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தேன். பழைய இறகுகள் பழுப்பு. புதிதாகச் சேர்ந்தவை வெள்ளை, தண்டில் என் பசை ஒட்டியிருந்தது. கத்தரிக்கோலை எடுத்து வெள்ளையை மட்டும் ஒவ்வொன்றாக நறுக்கினேன். ஒவ்வொரு நறுக்குக்கும் கட்டிலில் மூச்சு கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் நீண்டது.

பிறகு வீட்டில் இருந்த இறகு அத்தனையையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினேன். தலையணைகள், மெத்தை, ஹோபர்ட்டின் இறகு அடைத்த குளிர்காலச் சட்டை, தேவதைகளின் இறக்கைகள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். உள்ளே வந்து உட்கார்ந்து, கேக் சுடும் தகரத்தட்டுகளையும் காபி வடிகட்டும் தாளையும் வெட்டி எல்லாத் தேவதைகளுக்கும் புது இறக்கை ஒட்டினேன். ஹோபர்ட்டின் தலைக்குக் கீழே ஒரு போர்வையை மடித்து வைத்தேன்.

சாயங்காலம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தபோதே அறை சில்லிட்டது.

பொடி நாற்றம்.

மடித்த போர்வையில், ஹோபர்ட்டின் தலைக்குப் பக்கத்தில், துணி மெல்ல அமுங்கியது.

ஒரு தலை அளவுக்குக் குழி.

ஹோபர்ட் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் கிடந்த முடி, யாரோ ஊதியதுபோல அசைந்தது. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் போய் அந்தக் குழியின்மேலேயே தொம்மென்று உட்கார்ந்தேன். ஐஸ் கட்டிமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"நகரு," என்றேன். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இது என் எடம்."

காதுக்கு மிக அருகில் ஒரு பெருமூச்சு.

"சொர்க்கத்துக்குப் போகணும்னா நீயே நடந்து போடி. என் புருசன் முதுகுல ஏறிப் போகாத. பிடுங்கறதுக்கு இந்த வீட்ல இனி ஒரு எறகு கெடையாது. தகரத்தப் பிடுங்கு, பாக்கலாம்."

ஜன்னலில் ஒரு தகர இறக்கை நடுங்கிக் கிணுகிணுத்தது. பிறகு நின்றது.

விடியும்போது ஹோபர்ட் எழுந்து உட்கார்ந்திருந்தார். தானாக.

"என்னடி, காபி உண்டா இல்லயா?" என்றார். ஒரே மூச்சில்.

பைத்தியக்காரிபோலச் சிரித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். போகிற வழியில் ஜன்னலில் இருந்த வளையத்தைப் பார்த்தேன்.

நான் திறந்துவிட்ட இடம் பாதி மூடியிருந்தது.

இறகு இல்லை. நரைத்த முடி. இறுக்கமாக, அழகாகப் பின்னியிருந்தது.

பின்னந்தலையில் கையை வைத்தேன். முடி இருந்த இடத்தில் வெறும் தோல் தட்டுப்பட்டது.

ஹோபர்ட் உள்ளே விசில் அடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் அத்தனை கரித்தூளை வைத்துக்கொண்டு விசில். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, என் முடியை வளையத்திலிருந்து நறுக்கி எடுத்தேன். பிறகு கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலையை மொத்தமாக ஒட்ட வெட்டி அடுப்பில் போட்டேன்.

"அவர விட்டுட்டல்ல?" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். "அது போதும். இனி உனக்கும் எனக்கும்தான்."

காலியான நாற்காலி ஒன்று லேசாக ஆடியது.

கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது. வாசலில் மரங்கள் துளிர்த்துவிட்டன, ஹோபர்ட் வராந்தாவில் உட்கார்ந்து சர்ச்சுக்கு வருகிறவர் போகிறவரை எல்லாம் கிண்டல் செய்கிறார். என் மொட்டைத் தலையையும்தான். தகர இறக்கைத் தேவதைகள் இந்த முறை இன்னும் சீக்கிரம் விற்றுப்போயின. பெரிய தேவதையை மட்டும் நான் விற்கவில்லை.

இன்று காலை முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். என் இடது புருவம் இல்லை.

கத்தரிக்கோலைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.