முட்டுக் கல்

காரின் கண்ணாடிகளில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. வெளிப்பக்கம் என்றால் செந்தில்நாதன் கண்டுகொண்டிருக்க மாட்டான். ஐப்பசி பிறந்துவிட்டால் மலைமேல் வாழவந்தி நாட்டில் துணிமணி, தீப்பெட்டி, தலையணை எல்லாமே ஈரம்தான், கார் மட்டும் காய்ந்தா கிடக்கும்? ஆனால் புறங்கையால் எத்தனை முறை தேய்த்தும் கண்ணாடி தெளியவில்லை. ஈரம் உள்ளே இருந்தது, நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசிய வண்டி மாதிரி.

வாடகை வீட்டின் சொந்தக்காரி பாவாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வாளியோடு வந்தாள்.

"ஏனுங்க சாமி, வண்டிக்குள்ளாற ஆருங்க படுத்திருக்கறது?"

"ஆருமில்லீங்களே. ஏனுங்க?"

"விடியறதுக்கு முன்னால பாத்தேன். கண்ணாடியில மூச்சு உட்டு உட்டு மங்கிட்டே இருந்துச்சு. சொந்தக்காரங்க வந்து ஊட்டுல எடம் பத்தலையாக்கும்னு நெனச்சேன்."

சிரித்து மழுப்பி அனுப்பிவைத்தான். ஆனால் அந்த வண்டியில் அலாரம் இருந்தது. அவனே மாட்டிய அலாரம். ராத்திரி அது ஒரு சத்தமும் போடவில்லை.

ராசிபுரம் பக்கத்திலிருந்து வேளாண்மை அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தவன் அவன். மலைக்குளிரில் பழைய காரைக் கிளப்புவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடுகிறது என்று, படுக்கையில் இருந்தபடியே வண்டியை ஸ்டார்ட் செய்கிற கருவி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தான். திருட்டு அலாரமும் அதிலேயே சேர்த்தி. மெக்கானிக்கிடம் கொடுக்கலாமே என்று மனைவி வனிதா சொன்னதற்கு, "ஒயரை ஒயரோட சேக்கறதுக்கு மெக்கானிக் எதுக்கு?" என்றான். என்றைக்கோ ஒரு மிக்சியைப் பிரித்துத் திரும்பப் பூட்டிய தைரியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு கறுப்பு ஒயர் இருந்தது. அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை வீடியோக்காரன் இந்தியில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். இவன் அதன் தோலைச் சீவி, கிடைத்த இடத்தில் முறுக்கிவிட்டான்.

மலைக்காரர்கள் வண்டியை முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். அவனும் வந்த வாரமே அதைப் பழகிக்கொண்டவன்தான். அதை மறந்துவிட்டு வாசலில் நின்று பெருமையாக ரிமோட்டை அழுத்தினான். கீக் என்றது. விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. என்ஜின் கிளம்பியதும் கியரில் கிடந்த வண்டி துள்ளிப் பாய்ந்து, முன்சக்கரம் கல்லின் மேல் பாதி ஏறி, உறுமி அணைந்தது. கல் மட்டும் இல்லையென்றால் வாசல் சரிவில் இறங்கி, குச்சிக்கிழங்குக் காட்டையும் தாண்டி, ஓடைப் பள்ளத்தில் போய்த்தான் விழுந்திருக்கும்.

அன்றிலிருந்து நியூட்ரலிலேயே நிறுத்தினான். ஹேண்ட் பிரேக் வாங்கிய நாளிலிருந்தே தொளதொள. ஆக, மொத்த வண்டியையும் பிடித்து நிறுத்தியது அந்த ஒரு கல்தான்.

"வெறுங்கல்ல நம்பியா நிறுத்தறீங்க? பாப்பா வெளையாடற எடமுங்க" என்றாள் வனிதா.

"கல்லு எங்க எந்திரிச்சா போயிரும்?" என்றான்.

பாவாயி கேட்ட நாளுக்குப் பிறகு அவன் கவனிக்கத் தொடங்கினான். ராத்திரி நியூட்ரலில் விட்ட கியர் காலையில் முதல் கியரில் இருந்தது. பழக்கதோஷத்தில் நாமே தள்ளியிருப்போம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். மறுநாள் கையால் தொட்டு, வாயால் "நியூட்ரல்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். காலையில் மறுபடி முதல் கியர். பானெட்டில் கை வைத்தால், பனி சொட்டுகிற அந்த நேரத்தில், இளஞ்சூடு. ரிமோட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னத் திரை உண்டு; கதவு திறந்தால் கதவுப் படம் வரும், பூட்டிய வண்டிக்குள் ஏதாவது அசைந்தால் உட்கார்ந்திருக்கிற ஆள் படம் ஒன்று எரிந்து, லேசாக அதிரும். அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்த ரிமோட், எல்லோரும் தூங்கிய பிறகு, விர்ர் விர்ர் என்று அதிர்வதை அவன் விழித்துக்கொண்டு கேட்டுக் கிடந்தான்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்ததை அவன் வனிதாவிடம் சொல்லவில்லை. நாலு வயசுப் பாப்பாவை மடியில் உட்கார வைத்து ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். காரிலிருந்து, மூடிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, சின்னக் குரல் ஒன்று கூப்பிட்டது.

"அப்பா."

பாப்பாவின் குரல். பாப்பாவோ மடியில், வாய் நிறையச் சோறோடு. அவளும் கேட்டாள். கண்ணை அகல விரித்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"அங்க ஒரு பாப்பா கூப்புடுதுப்பா. நான் போயி வெளையாடட்டுமா?"

"அங்க ஒருத்தருமில்ல கண்ணு. சாப்புடு." சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை அவள் வாயில் வைத்தான். பயந்துவிட்டான். பட்டப்படிப்பு படித்தவன், அரசாங்க ஊழியன், ஓட்டைக் காருக்குப் பயந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கி, சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சுகாதார நிலையத்தில் இரவுப் பணி பார்த்துவிட்டு வந்த வனிதா, பாப்பாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அசந்து தூங்கினாள். நாளைக்கு மெக்கானிக்கிடம் விட்டு எல்லா ஒயரையும் பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்து, அதுவரைக்கும் கியரை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கார்ச் சாவியோடு போனான். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது, தூங்கி எழுந்த குழந்தையின் வாய் வாடை. மறுபடி முதல் கியர். நியூட்ரலுக்கு இழுத்தான். பக்கத்துச் சீட்டில் கையை ஊன்றினான்.

சீட்டு சூடாக இருந்தது.

கதவைக்கூடச் சாத்தாமல் வீட்டுக்கு ஓடினான். சாவியை மூன்றாவது முறைதான் ஆணியில் மாட்ட முடிந்தது. சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தான். அறையை எட்டிப் பார்த்தான்: வனிதா, அவள் பக்கத்தில் போர்வைக்குள் சின்ன மேடாகப் பாப்பா. நிம்மதியாக இருந்தது. மேசை மேல் கிடந்த ரிமோட்டின் திரையில் கதவுப் படம் எரிந்துகொண்டிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க அணைந்தது. கதவு சாத்திக்கொண்டது.

காற்று என்று சொல்லிக்கொண்டான். காற்றே இல்லை.

பூட்டும் பொத்தானை அழுத்தினான். கீக். இனிமேல் தானாகக் கிளம்ப முடியாது என்று ரிமோட்டின் முதுகைக் கழற்றி, வட்டப் பேட்டரியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான்.

மேசை மேல் ரிமோட் அதிர்ந்தது. பேட்டரி இல்லாத ரிமோட். திரையில், உட்கார்ந்திருக்கிற ஆள்.

பிறகு ஹாரன். சின்னதாக, ஒரு தடவை.

ரிமோட்டைப் பிடித்தபடி வெளியே போனான். பனிக்குள் கார் சாம்பல் நிறத்தில் நின்றது. பின் கண்ணாடி முழுக்க வெள்ளை ஆவி. அந்த வெள்ளையில் உள்ளே இருந்து ஒரு சின்ன உள்ளங்கை பதிந்தது.

"அப்பா."

அவன் நின்றுவிட்டான்.

"அப்பா, தொறப்பா."

"நீ எம் பாப்பா இல்ல" என்றான். பல் கிட்டித்தது. "எம் பாப்பா உள்ள தூங்குது."

"அப்பா, பயமா இருக்குதுப்பா."

காதைப் பொத்திக்கொண்டான். அந்தப் பிஞ்சுக் கை கண்ணாடியைத் தட்டியது. தட்டித் தட்டி ஓய்ந்தது. அழுகை. அவனுக்குத் தெரிந்த அழுகை, விக்கி விக்கி மூச்சுக்குத் தவிக்கிற அழுகை. கல்நெஞ்சுக்காரன் மாதிரி நின்றான். இதற்கெல்லாம் ஏமாந்துவிடக்கூடாது என்று நின்றான்.

"அப்பா, இந்தப் பாப்பா கிள்ளுதுப்பா."

பின்னால் வாசற்கதவு திறந்தது. வனிதா. தலைமயிர் கலைந்து, தூக்கம் கலையாமல்.

"ஏனுங்க, பாப்பா உங்ககூடவா இருக்கறா? பக்கத்துல போர்வைக்குள்ளாற கைய வெச்சுப் பாத்தா வெறுந்தலகாணி."

அவன் கண்ணாடியைப் பார்த்தான். உள்ளங்கை நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். மருதாணி. முந்தாநாள் வனிதா வைத்துவிட்டது.

"வனிதா, சாவி! ஆணியில! ஓடு!"

அவள் என்ன ஏது என்று புரியாமலே உள்ளே ஓடினாள். அவன் கதவைப் பிடித்து இழுத்தான். பூட்டு. அவனே போட்ட பூட்டு. சட்டைப்பையைத் துழாவினான். பேட்டரி. ஈர விரல். வழுக்கியது. புல்லில் விழுந்தது. பனி. எங்கே. எங்கே. மண்ணைப் பறண்டினான். உள்ளே அழுகை நின்றுவிட்டது. நின்றது அழுகையைவிட மோசம்.

கண்ணாடியை உடைக்க வேண்டும். கல். ஏதாவது ஒரு கல். சுற்றிலும் வெறும் புல்லும் வழுவழு சிமெண்ட் வாசலும். குனிந்தான். கை ஒரு கல்லைத் தொட்டது. கெட்டியாக மாட்டியிருந்தது. இரண்டு கையாலும் ஆட்டி, உள்ள பலத்தையெல்லாம் கூட்டிப் பிடுங்கினான். வந்துவிட்டது. தலைக்கு மேலே தூக்கினான்.

கார் அவனைவிட்டு நகர்ந்தது.

மெதுவாக. சத்தமே இல்லாமல். பின் கண்ணாடியில் மருதாணிக் கை. அதற்குப் பக்கத்தில், ஆவியைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கை பதிந்தது. அதே அளவு. மருதாணி இல்லாத கை. அது டாட்டா காட்டுவதுபோல் ஆடியது.

பனி காரை மூடிக்கொண்டது. குச்சிக்கிழங்குச் செடிகள் முறிகிற சத்தம். பிறகு வேறு சத்தம், ஓடைப் பக்கம், ஒரே ஒரு முறை.

"இந்தாங்க" என்று வனிதா மூச்சிரைக்க வந்து நின்றாள். சாவியை நீட்டினாள். "பாப்பா எங்கீங்க? வண்டி எங்கீங்க?"

அவன் இரண்டு கையாலும் கல்லைத் தலைக்கு மேலே தூக்கியபடியே நின்றான். கீழே, பள்ளத்தில், கீக் என்றது. பனிக்குள் மஞ்சளாக விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. என்ஜின் கிளம்பியது.

"அப்பா" என்று கூப்பிட்டது குரல். அழுகையே இல்லாத குரல்.