முன் சீட்டு வேண்டாம்

"ஐயோ... ஆளு அசையவே மாட்டேங்கறாரு!"

பொன்னாயி போட்ட சத்தத்தில் புளியஞ்சோலையே விழித்துக்கொண்டது.

கொல்லிமலை மேலே அரியூர் நாட்டிலிருந்து விடிய விடியப் பலாப்பழச் சுமையோடு இறங்கி வந்தவள் அவள். சுமையை ஏற்றச் சொல்லலாம் என்று லாரி முன்பக்கத்துப் படுதாவை விலக்கியிருக்கிறாள்.

உள்ளே முதலாளி செல்லமுத்து.

முன் சீட்டில்... காலை மடக்கிப் படுத்தபடி... பிணமாக!

முகம் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி சிவந்திருந்தது. உயிரோடு இருந்தபோது அந்த முகத்தில் இவ்வளவு களை இருந்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. பெட்ரோல் மொத்தமும் யுத்தத்துக்குப் போய்விட்டது. லாரிகள் கரியில் ஓடின. முன் சீட்டுக்குப் பின்னால் ஆள் உயர இரும்பு டிரம். அதில் கரியைக் கொட்டிப் பற்ற வைத்து விசிறியைச் சுற்றினால், புகை வாயு குழாய் வழியாக இன்ஜினுக்குப் போகும். வண்டி நின்ற பிறகும் விடியும்வரை உள்ளே கரி கனன்றுகொண்டிருக்கும். கொல்லிமலை அடிவாரத்தில் அப்படி ஒரு லாரி செல்லமுத்துவிடம் மட்டுமே இருந்தது. அந்தத் திமிர் அவனை நடக்க விடாது, மிதக்கத்தான் விடும்.

அவன் லாரியைப் பராமரித்த லட்சணம் இருக்கிறதே... வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் தண்ணீர் அபிஷேகம், பம்பருக்குக் குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். டிரைவர் கிரீஸ் கேட்டால் மட்டும் காது கேட்காது. வாயுவை வடிகட்டும் பெட்டியில் தேங்காய் நாரை மாற்ற வேண்டும் என்றால், "நாரு என்ன சும்மாவா முளைக்குது?" என்பான். வண்டி பத்து அடிக்கு ஒரு தரம் இருமிக்கொண்டு நிற்கும். அதற்கும் கற்பூரம்தான் காட்டுவான்.

யுத்த காலத்தில் டயர் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் கட்டின பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டு, தினமும் லாரியிலேயே படுத்து டயருக்குக் காவல் இருந்தான்.

டயர் பத்திரமாக இருந்தது. ஆள்தான் போய்விட்டான்.

தகவல் போய், தூறலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர் குழந்தைசாமி வந்து சேர்ந்தார். தொப்பை கொஞ்சம் முன்னதாகவே வந்தது. பிணத்தைப் பார்த்தார். கொட்டாவி விட்டார். டிரைவர் யார் என்று கேட்டார்.

ராஜா முகமது கைகட்டி முன்னால் வந்தான். துறையூர்க்காரன். டீக்கடைக் கொட்டகையில் படுத்திருந்ததாகவும், சத்தம் கேட்டுத்தான் எழுந்து ஓடி வந்ததாகவும் சொன்னான்.

"எப்படிய்யா செத்தான்?"

"கரி வாயுங்க. மூஞ்சி செவந்து கெடக்குது பாருங்க. குழாய் மூட்டுல கசிஞ்சா சீட்டுக்குத்தான் வரும். தூக்கத்துல ஒண்ணும் தெரியாதுங்க. அப்படியே போயிர வேண்டியதுதான்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"டிரைவருங்க நான்."

"அப்ப நீதான் கொன்னிருக்கே."

அவ்வளவுதான் விசாரணை! குழந்தைசாமியின் மூளைக்கு அதற்கு மேல் மேடு ஏறத் தெரியாது.

கொலைக் கேஸ் என்றால் தூக்கு. ராஜா முகமதுவை, 'அந்தக் கஞ்சன்கிட்ட வேலைக்கு இருந்தா ஒண்ணு பட்டினியில போவீங்க, இல்ல வண்டிக்கு அடியில போவீங்க' என்று அவன் மனைவி அலிமா பீவி தினமும் திட்டுவாள். கயிற்றை அவள்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

"ஐயா, தினம் புத்து மண்ணும் சாணியும் கொழைச்சு அந்த மூட்டுல நானே பூசுவேனுங்க. நேத்துப் பொழுது சாயவும் பூசுனேன். வந்து பாருங்க."

பார்த்தார்கள். மண் பூச்சு வழவழவென்று முழுசாக இருந்தது. ராஜா முகமது விரலால் தொட்டான். விரல் உள்ளே போனது!

"ஐயா... இது என் பூச்சு இல்லீங்க. நான் பூசுனது சூட்டுல வெந்து செங்கல்லாட்டம் இருக்கும். இது ஈரமா இருக்குது. விடியறப்ப அடுப்பு அணைஞ்ச பின்னால யாரோ பூசியிருக்காங்க."

"தூறல் போடுதுல்ல? ஈரமாத்தான் இருக்கும்."

அந்த மூட்டுக்கு மேலே தகரக் கூரை இருந்தது. அதை நிமிர்ந்து பார்க்க வேண்டுமானால் கழுத்தை அசைக்க வேண்டும். குழந்தைசாமி அசைக்கவில்லை. விலங்கை எடுத்து மாட்டினார்.

அதற்குள் ஒப்பாரி வந்தது.

செல்லமுத்துவின் மனைவி ருக்குமணி மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அடி ஒவ்வொன்றும் கணக்காக விழுந்தது, வலிக்காமல். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கூடவே செல்லமுத்துவின் தம்பி அப்பாசாமி. அவன் பிணத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். டயர்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தான்.

பிறகு சப்-இன்ஸ்பெக்டரை ஓரமாக அழைத்துப்போய், லாரி இனிமேல் தனக்குத்தான் வருமா என்று கேட்டான். அண்ணன் உடம்பைக் கீழே இறக்கக்கூட இல்லை. தம்பிக்கு அவசரம்.

அவன் அவசரத்துக்குக் காரணம் உண்டு. லாரி வாங்குகிறவன் எவனும் சரக்கு ஏற்ற வாங்குவதில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து நாலு ஊர் பார்க்கப் போவதற்குத்தான் வாங்குகிறான். அந்த சீட்டில் செல்லமுத்து தம்பியை ஒருநாள்கூட உட்கார விட்டதில்லை. மிளகு மூட்டையோடு மூட்டையாக மேலேதான் ஏற்றுவான். அப்பாசாமி வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, முன் சீட்டைக் கனவு கண்டே வளர்ந்தவன்.

தூறல் மழையாகி, மழை கொட்ட ஆரம்பித்தது.

பிணத்தை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இருப்பது ஒரே வண்டி. அதை ஓட்டத் தெரிந்தவன் விலங்கோடு நிற்கிறான். குழந்தைசாமி ரொம்ப நேரம் யோசித்து விலங்கைக் கழற்றினார். கொலைகாரன் என்று தானே சொன்னவனிடம் வண்டியையும் கொடுத்தார்!

ராஜா முகமது கரியைப் பற்ற வைத்து விசிறியைச் சுற்றினான். பொன்னாயியின் பலாப்பழச் சுமையோடு பிணத்தையும் பின்னால் ஏற்றிப் படுதா போட்டார்கள். இன்ஜின் தடதடவென்று உயிர் பெற்றது. பக்கத்தில் இருப்பவன் பேசினால்கூட கத்தித்தான் பேச வேண்டும்.

துக்கக்காரர்களை நனைய விடலாமா? குழந்தைசாமிக்கு அன்றைக்கென்று தயாள குணம் பொங்கியது.

"நீங்க ரெண்டு பேரும் முன்னால ஏறுங்க!"

அப்பாசாமி ஓரடி பின்னால் போனான்.

"வேண்டாமுங்க. நான் மேலயே உக்காந்துக்கறனுங்க."

"மழை கொட்டுதேய்யா."

"நனைஞ்சா நல்லதுங்க. உடம்புச் சூடு தணியும்."

வாழ்நாள் முழுக்க ஏங்கிய சீட்டு. படுதாவை விலக்கி வைத்துக் கூப்பிடுகிறார்கள். வேண்டாமாம்! அப்போதும் குழந்தைசாமிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ராஜா முகமது மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பாசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ருக்குமணி சேலையைத் தூக்கிச் செருகினாள். ஏறினாள். முன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, மழைக்குப் படுதாவையும் இழுத்துவிட்டாள்.

அப்பாசாமியின் முகம் வெளுத்தது. ஓடி வந்து படுதாவைப் பிடித்து இழுத்தான். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"அண்ணி! எறங்குங்க! அதுல உக்காராதீங்க, வாயு வரும்!"

ருக்குமணி பல்லைக் கடித்தாள். கண்ணால் ஜாடை காட்டினாள். அந்த மரமண்டைக்குப் புரியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவளுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, அவன் காதில் விழ வேண்டும் என்று, அவளும் கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து நார் அடைத்த இன்ஜின் ஒரு தரம் இருமியது.

நின்றது.

நிசப்தத்தில் ருக்குமணியின் குரல் மட்டும் புளியஞ்சோலை முழுக்கக் கேட்டது.

"நீ சுரண்டுன ஓட்டையை விடியறப்பவே மண்ணு வெச்சு அடைச்சுட்டேன்! பேசாம ஏறு சாமி!"

டீக்கடையில் டம்ளர் கழுவுகிற சத்தம்கூட நின்றது.

பொன்னாயி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாசாமி ஓடப் பார்த்தான். சேற்றில் வழுக்கித் தன் ஆசை டயருக்குப் பக்கத்திலேயே விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தே, சொல்லிக் கொடுத்தது அண்ணிதான், நான் சுரண்டினது மட்டும்தான் என்று அழ ஆரம்பித்தான். அண்ணன் உயிர் போனதற்கு வராத கண்ணீர் இப்போது தாரை தாரையாக வந்தது.

ருக்குமணி அழவில்லை. சீட்டை விட்டு இறங்கவும் இல்லை.

"என் காசு மாலைதானுங்க இந்த டயரா உருளுது. கழுத்துல கெடந்ததைக் கழட்டி வித்துப்போட்டு, அந்த மனுசன் டயருக்குக் காவல்னு இங்க வந்து படுத்துக்கிட்டாரு. எனக்குக் காவலுக்கு ஆரு இருந்தாங்க?" என்றாள். பிறகு அப்பாசாமியை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் கழுதையை நம்புனேன் பாருங்க... என்னையத்தான் செருப்பால அடிக்கோணும்."

குழந்தைசாமி தொண்டையைக் கனைத்தார். தொப்பியைச் சரி செய்தார்.

"எனக்கு அப்பவே சந்தேகம்யா. அதனாலதான் ரெண்டு பேரையும் முன்னால ஏறச் சொன்னேன்."

ராஜா முகமது கழுத்தை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டான். வடிகட்டிப் பெட்டியைத் திறந்து, கறுத்துப் போயிருந்த பழைய நாரைப் பிடுங்கி எறிந்தான். கடைக்காரரிடம் கைப்பிடி தேங்காய் நார் வாங்கி அடைத்தான். இன்ஜின் இந்த முறை இருமாமல் கிளம்பியது.

விலங்கு கை மாறியது. கொலைகாரர்கள் இருவரையும் பின்னால் ஏற்றியாகிவிட்டது. முன் சீட்டு காலி. குழந்தைசாமி சந்தோஷமாக ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

"மண்ணு நல்லாப் பிடிச்சிருக்குமாய்யா?"

"ஏறுங்கய்யா. பூசுனது புருசனையே கொன்ன கைதானுங்க... ஆனா பூச்சு பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது."

தூக்கின கால் கீழே வந்தது.

கொட்டும் மழையில், பலாப்பழச் சுமைக்கும் பிணத்துக்கும் நடுவே ஏறி உட்கார்ந்து சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார்...

"நீ போய்யா. எனக்குக் காத்தோட்டம் வேணும்!"