இடக்கை முதலில்

மிஸ் டக்கெட்டின் வாசற்கதவோரம் ஒரு சாவிப்பெட்டி இருந்தது. நாலு எண்ணைத் திருப்பினால் திறக்கும். மூன்று வருஷமாக, வாரத்தில் ஐந்து நாள், காலை ஏழரை மணிக்கு ரொவீனா அந்த நாலு எண்ணைத் திருப்பி உள்ளே போய்க்கொண்டிருந்தாள். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் வயதானவர்களை வீடு தேடிப் போய்க் கவனிப்பதுதான் அவள் பிழைப்பு. குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, ஓட்ஸ் கஞ்சி கொடுத்து, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும்.

மிஸ் டக்கெட்டுக்கு எண்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு உடுத்திவிட ஒரு முறை இருக்கிறது. விழுந்த கையைத்தான் முதலில் சட்டைக்குள் விட வேண்டும், நல்ல கை அப்புறம். அவசரத்தில் ரொவீனா மாற்றிச் செய்துவிட்டால் கிழவி விடமாட்டாள்.

"இடக்கை முதல்ல, கண்ணு. பாவம், அவ நொண்டி. அவளுக்குத்தான் முதல் மரியாதை" என்பாள், நோயாளித் தங்கை ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்த மார்ச் மாதத்தில் ஒருநாள், அலமாரியின் அடி இழுப்பறையைத் திறக்கச் சொன்னாள். உள்ளே பழுப்புக் காகிதத்தில் ஒரு பொட்டலம். கணுக்கால் வரை நீண்ட வெள்ளை அங்கி ஒன்று, முதுகுப் பக்கம் முழுக்கத் திறப்பு, கட்டிக்கொள்ள மூன்று ஜோடி நாடா. கூடவே அகலமான ஒரு விரிப்பு. இரண்டும் மெல்லிய லினன், கையில் எடுத்தால் நழுவும். ஓரத்தில் சிவப்பு நூலில் எட்னா டக்கெட்டின் முதலெழுத்துகள் இரண்டு. அது சாவுக்கு வைத்த உடுப்பு. அந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் பெண்கள் தங்களைக் கிடத்தும்போது உடுத்த வேண்டியதைத் தாங்களே தைத்து வைத்துக்கொள்வார்கள். இது அவள் முப்பது வயதில் தைத்தது, வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் துவைத்து, இஸ்திரி போட்டு, வாசத்துக்குப் புது லாவெண்டர் பூ வைத்து மூடுவாளாம். இந்த வருஷம் ஒரு கையால் முடியவில்லை.

"எடுத்துட்டுப் போய் நீ செஞ்சு கொண்டுவா. நான் போனதும் நீயே உடுத்திவிடணும். பின்னாடி முடிச்ச நல்லா இறுக்கிப் போடு, கண்ணு. அவிழ்ந்து கிடக்கறது எனக்குப் பிடிக்காது."

"நானே செய்யறேன், மிஸ் டக்கெட். வாக்கு" என்றாள் ரொவீனா.

வாக்குக் கொடுப்பதற்கு என்ன, காசா பணமா.

துணி ரொவீனாவின் இஸ்திரி மேஜையில் இருந்தபோதே, ஈஸ்டருக்கு நாலு நாள் முன்னால், மிஸ் டக்கெட் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தாள்.

இங்கே ரொவீனாவின் ஆசையைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவள் செய்தது விளங்காது. அந்த ஊரில் ஒவ்வொரு செப்டம்பரும் ரீஜென்சி நடன விழா நடக்கும். இருநூறு வருஷத்துக்கு முந்திய பாணியில் உடுத்தியவர்களுக்கு மட்டும்தான் நகர மண்டபத்துக்குள் அனுமதி. மார்புக்குக் கீழே ரிப்பன் கட்டி, நேராகத் தரை வரை இறங்கும் வெள்ளை அங்கி, நீளக் கையுறை, நெற்றியோரம் சுருள் முடி. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ரொவீனா நாற்பத்தாறு வயது வரை அதை நடைபாதையில் நின்று வேடிக்கை பார்த்தவள். வாடகை உடைக்கு அவள் ஒரு வாரச் சம்பளம் போதாது.

இந்த வருஷம் அவள் சிநேகிதி பிலிப்பா இரண்டு சீட்டு வாங்கிவிட்டாள். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிற பிலிப்பா சிக்கன உடையில் கைதேர்ந்தவள். மொத்தமும் இருபது பவுண்டுக்குள் முடிய வேண்டும், அதற்கு மேல் ஒரு பென்னி போனால் நீ என் சிநேகிதியே இல்லை என்று சொல்லிவிட்டாள். தட்டைச் செருப்பு, கையுறை, சால்வை எல்லாம் பழைய சாமான் விற்கிற சாரிட்டி கடைகளில் தேறின. அங்கிக்குத்தான் துணி இல்லை. அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு வியாதி உண்டு. பழைய வெள்ளை நைட்டியைப் பார்த்தால் அவர்கள் கண்ணுக்கு நைட்டி தெரியாது, நடன அங்கிதான் தெரியும். வசந்தம் பிறக்கும் முன்னேயே சாரிட்டி கடைகளில் வெள்ளையாக ஒன்றும் மிஞ்சாது.

ரொவீனாவுக்கும் அதே கண்தான்.

ரெடிங் ஊரிலிருந்து வந்த மிஸ் டக்கெட்டின் அண்ணன் மகன் ஜெரால்ட், அத்தையின் சமையலறையில் நின்றபடி அவளிடம் கேட்டான். அடக்கம் செய்கிறவர்கள் உடுப்புக் கேட்கிறார்களாம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லையாம்.

"இதத்தான் போடணும்னு அத்தை உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருந்தாங்களா?"

குளிர்பதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ரொவீனா அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இல்லைங்க. ஒண்ணும் சொல்லல."

அவன் நிம்மதியாகப் போய் ஒரு பச்சைக் கம்பளிக் கோட்டும் பாவாடையும் எடுத்துக் கொடுத்தான். அதில்தான் மிஸ் டக்கெட்டைப் புதைத்தார்கள். மண்ணுக்குப் போகிற துணியை மனுஷி உடுத்தினால் என்ன குறைந்துவிடும் என்று ரொவீனா தன்னைத்தானே பல தடவை சமாதானப்படுத்திக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு அது கஞ்சி குடிக்கும்போதும் குறுகுறுத்தது.

ஆகஸ்டில் தையல் தொடங்கியது. சிவப்பு எழுத்துகளை ஊசிமுனையால் பிரித்தெடுத்தாள். நூல் வந்துவிட்டது, ஊசித் துளைகள் மட்டும் போகவில்லை. விரிப்பை வெட்டி அங்கியின் அடிப்பாகத்தை அகலமாக்கினாள். மூன்று தடவை துவைத்தும் லாவெண்டர் வாசம் அடங்கவில்லை. அந்த வாசத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. மூடியே கிடந்த அறையின் வாசம், வெந்நீரும் சோப்பும் பட்ட கிழட்டு உடம்பின் வாசம். மூன்று வருஷமாக அவள் மூக்குக்குப் பழகிய வாசம்.

அங்கியைக் கதவில் தொங்கவிட்டிருந்தாள். தினமும் காலையில் எழுந்து பார்த்தால் இடது கைப்பகுதி மட்டும் முன்னால் தூக்கி, வாய் விரிந்து நின்றது. யாரோ அதை அவளுக்காகப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

ஜன்னல் காற்று என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாளும் அப்படியே நின்றது.

அளவு பார்க்க வந்த பிலிப்பா வாயைப் பிளந்துவிட்டாள். இப்படி ஒரு துணியை எங்கேயடி பிடித்தாய் என்று கேட்டதற்கு, சாரிட்டி கடையில் என்றாள் ரொவீனா. ஒரு பொய்க்கு ஒரு பொய் துணை. குண்டூசி குத்த அவள் இடது மணிக்கட்டைப் பிடித்த பிலிப்பா சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"என்னடி இது, ஐஸ் மாதிரி இருக்கு உன் கை?"

விழா நாள் வந்தது. மாலை ஐந்து மணி, செப்டம்பர் வெயில் இன்னும் சுவரில் இருந்தது. முதுகு நாடாவை முடிய பிலிப்பா வருவதாக ஏற்பாடு. அந்தக் காலத்து உடைகளே அப்படித்தான், இன்னொருத்தி கை இல்லாமல் உடுத்த முடியாது. கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை, மண்டப வாசலுக்கே வந்துவிடு, அங்கே முடிச்சுப் போட்டுவிடுகிறேன் என்று அவளிடமிருந்து செய்தி வந்தது.

ரொவீனா அங்கியை எடுத்தாள். பழக்கப்படி வலது கையை நுழைத்தாள்.

போகவில்லை.

கைப்பகுதி உள்ளே ஒட்டித் தைத்ததுபோல இறுகிக் கிடந்தது. இன்னொரு தடவை நுழைத்துப் பார்த்தாள்.

அப்போது அவளுடைய இடது கை உயர்ந்தது.

அவள் உயர்த்தவில்லை.

மணிக்கட்டைச் சுற்றி விரல்கள். பதமான பிடி. நோகாமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்த பிடி. அது ரொவீனாவின் பிடியேதான், அவள் தினமும் ஒருத்திக்குச் செய்தது. இடது கை மெதுவாகத் துணிக்குள் போனது. பிறகு வலது கை, தடையில்லாமல்.

முதுகில் நாடா இழுபட்டது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

லாவெண்டர் வாசம் மூக்கை அடைத்தது. காதோரம் ஒரு மூச்சு, மூச்சுக்குள் ஒரு கிசுகிசுப்பு.

"அவளுக்குத்தான் முதல் மரியாதை."

கண்ணாடியில் ரொவீனா மட்டுமே இருந்தாள். வெள்ளையில் அழகாகத்தான் இருந்தாள். கழற்றிப் போட்டுவிட்டு ஓடத்தான் நினைத்தாள், ஆனால் முடிச்சுக்கு அவள் கை எட்டவில்லை. தனியாக அந்த அறையில் நிற்பதைவிட நானூறு பேர் நடுவில் நிற்பது மேல் என்று சால்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

மண்டப வாசலில் பிலிப்பா அவள் முதுகைத் திருப்பிப் பார்த்தாள்.

"யாருடி போட்டுவிட்டது? கல்லு மாதிரி இருக்கு முடிச்சு."

"நானேதான்."

"முதுகுக்குப் பின்னாடியா? உனக்கென்ன நாலு கையா?"

உள்ளே நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகள், வயலின்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. நாற்பத்தாறு வருஷம் நடைபாதையிலிருந்து பார்த்த இடத்துக்குள் அவள் நின்றாள், ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை. எதிரே நீலக் கோட்டுப் போட்ட முதியவர் கை நீட்டினார். அவள் இடது கையைக் கொடுக்க வேண்டிய இடம் அது. கை எழவில்லை. அவர் சிரித்தபடி தாமே குனிந்து எடுத்தார். எடுத்தவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

அவர் தோளுக்கு மேலாக, சுவரோர நாற்காலி வரிசையை ரொவீனா அப்போதுதான் பார்த்தாள்.

அத்தனை வெள்ளைக்கும் நடுவே ஒரு பச்சைக் கம்பளிக் கோட்டு.

மிஸ் டக்கெட் உட்கார்ந்திருந்தாள், இடது கையை மடியில் கிடத்தி. முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ரொவீனா தாங்கியிருப்பாள். எல்லாரும் நன்றாக உடுத்தி வந்த இடத்துக்குத் தப்பான உடுப்பில் வந்துவிட்டவளின் கூச்சம்தான் இருந்தது. நல்ல கையால் கோட்டின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பதுபோல.

உடைமாற்றும் அறையில் பிலிப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். முடிச்சு அவிழவில்லை. பிலிப்பா கைப்பையிலிருந்த முடிவெட்டும் கத்தரியால் மூன்று நாடாவையும் வெட்டினாள். பிறகு சொன்னாள்.

"முதல்ல அந்த ஜெரால்டுகிட்ட நீயே சொல்லு. கல்லறைல அப்புறம் அழலாம்."

மறுநாள் ரொவீனா ஜெரால்டுக்குப் போன் செய்தாள். மறைத்ததையெல்லாம் சொன்னாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டுவிட்டிருப்பேனே" என்றான். வைத்துவிட்டான். திட்டியிருக்கலாம்.

நடுப்பகல் வெயிலில், புதைமேட்டின் தலைமாட்டில் சின்ன மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டி, அங்கியை லாவெண்டரோடு சுற்றி வைத்து மூடினாள். மன்னிச்சிடுங்க மிஸ் டக்கெட் என்று வாய்விட்டுச் சொல்லி அழுதாள். அழுகை நிஜம்தான். நேரம்தான் தப்பு. உடுத்திவிடச் சொன்னவள் எப்போதோ பச்சைக் கோட்டில் மண்ணுக்குள் போயாயிற்று.

அக்டோபரில் குளிர் கூடியது. கம்பளிக் காலுறை தேடி ரொவீனா தன் அலமாரியின் அடி இழுப்பறையை இழுத்தாள்.

பழுப்புக் காகிதத்தில் ஒரு பொட்டலம்.

மண் ஒட்டவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. வெள்ளை அங்கி ஒன்று, வெட்டுப்படாத விரிப்பு ஒன்று. மூன்று ஜோடி நாடாவும் முழுசாக இருந்தன. நடுவில் புது லாவெண்டர், இன்னும் காயாதது.

ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஊசித் துளைகள் இருந்த இடத்தில் சிவப்பு நூலில் இரண்டு எழுத்துகள், நேற்றுத் தைத்ததுபோலப் பளிச்சென்று. ரொவீனா சில்காக் என்ற அவள் பெயரின் முதலெழுத்துகள்.

அவளுக்கும் பிள்ளை இல்லை, குட்டி இல்லை. சாவிப்பெட்டியின் எண்ணைத் திருப்பிக்கொண்டு ஒருநாள் யாரோ வருவாள். அவளிடம் கேட்பார்கள், இவங்க ஏதாவது சொல்லியிருந்தாங்களா என்று. அந்த யாரோ ஒருத்தி குளிர்பதனப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள்.

தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இழுப்பறையை மூடுவதற்காக இரண்டு கையையும் நீட்டினாள்.

இடது கை வரவில்லை.