மருந்து பூசிய பக்கம்

நேற்று அந்தக் கண்ணாடித் தகட்டில் சிறுமி யாரும் இல்லை. தகட்டைத் துடைத்தவள் சத்தியமே செய்வாள்.

அருங்காட்சியகத்தின் பின்கட்டில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி மாட்டிய அறையில், அடியில் விளக்கெரியும் மேசைமேல் பழைய கண்ணாடி நெகட்டிவ்களை வைத்துத் துடைப்பது அவள் வேலை. மூடிப்போன ஏதோ ஸ்டூடியோவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தவை; பிரித்ததிலிருந்து அறை முழுக்க ஈர மரத்தின் வாடை, வெளியே விடாத மழையின் சத்தம். எல்லாம் ஒரே தெரு. ஒரு நூற்றாண்டுக்கு முன் வெள்ளம் வடிந்த மறுநாள் எடுத்த படங்கள்.

அந்தத் தெருவில்தான் அவளும் கணவனும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வீடு வாங்கினார்கள். முன்பே முழுகிய இடம் என்று விற்றவன் மூச்சு விடவில்லை. ஊரும்தான் விடவில்லை. போன மழையில் ஆறு உள்ளே வந்து மகளைக் கொண்டுபோனது. அவள் முகம் இருந்த போன், ஆல்பம் எல்லாவற்றையும் சேர்த்து வழித்துக்கொண்டு போனது. உறவுக்காரர்கள் தேடிக் கொடுத்த ஒன்றிரண்டு படங்களிலும் பிள்ளை ஓடிக்கொண்டிருந்தாள், முகம் கலங்கித் தெரிந்தது.

“அவ மூஞ்சி எனக்கு மறந்துகிட்டே வருது. மூக்கு எப்படி இருக்கும், சொல்லேன்” என்று காலையில் கணவன் கேட்டபோது அவளும் திணறினாள். பெற்றவளுக்கே இந்தக் கதி.

இப்போது தகட்டின் தெருக்கோடியில் ஒரு சிறுமி முதுகைக் காட்டி நின்றாள். முடி வெள்ளை வெளேரென்று இருந்தது. நெகட்டிவில் கறுப்பு அப்படித்தான் தெரியும். கவுனின் முதுகில் ஒரு பட்டன் மாறி மாட்டியிருந்தது. பள்ளி வேன் வரும் அவசரத்தில் அவள் மாட்டிவிடுவது அப்படித்தான்.

அடுத்த தகட்டை எடுத்தாள். சிறுமி பாதித் தெருவுக்கு வந்திருந்தாள். அதற்கடுத்ததில் நேரே எதிரில், தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டி. முகத்தின்மேல் மட்டும் பூஞ்சைக் கறை.

கணவனுக்குப் போன் போட்டாள். “நம்ம பாப்பா இங்க இருக்கா. உடனே வாங்க.”

அவன் ஓட்டிக்கொண்டிருந்த டாக்ஸியை ஓரம் கட்டும் சத்தம் போனில் கேட்டது. அவன் என்ன ஏதென்று விசாரிக்கவில்லை. “மூஞ்சி தெரியுதா?” என்று மட்டும் கேட்டான்.

“தெரிஞ்சிடும். வாங்க.”

வழவழப்பான பக்கத்தைத் துடைத்தாள். கறை அசையவில்லை. அது மறுபக்கத்தில் இருந்தது. சேர்ந்த அன்றே மேலாளர் மிரட்டி வைத்திருந்தார்: “மங்கலா இருக்கிற பக்கம் மருந்து பூசினதும்மா. ஈரம் பட்டா உருவமே உரிஞ்சி வந்துடும்.” தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் அந்தக் கைகள் நீண்டிருந்தன. குழந்தை அழுக்கு முகத்தோடு நின்றால் எந்தத் தாயும் யோசிப்பதில்லை. தகட்டைத் திருப்பினாள். விரலை நாக்கில் தொட்டாள். கன்னத்தைத் துடைத்தாள்.

கறை போயிற்று.

ஒரு கணம் பார்த்தாள். மூக்கு. கண்கள். அவளேதான்.

பிறகு எல்லாம் விரலோடு வந்துவிட்டது. விரல் நுனியில் கறுப்பு மெழுகு. முகம் இருந்த இடத்தில் ஓட்டை. அதன் வழியே விளக்கு வெளிச்சம்.

“ஐயோ, என் கண்ணே.”

கண்ணை இறுக மூடினாள். நினைவில் மகள் பள்ளிப் பையோடு திரும்பிப் பார்த்தாள். அங்கேயும் முகம் இல்லை.

தாழ்வாரத்தில் கணவனின் செருப்புச் சத்தம். ஓடி வருகிறான்.

அவள் கை அடுத்த தகட்டை எடுத்து விளக்கின்மேல் வைத்தது. முகமில்லாத குழந்தை சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மா எந்தப் பக்கம் என்று தெரியாமல். அடுத்தது. இன்னும் தள்ளி. அடுத்தது. தெரு முடிந்துவிட்டது. சுவரும் முடிந்துவிட்டது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் துழாவியபடி, குழந்தை ஆற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.