வளைவிலிருந்து ஒரு மிஸ்டு கால்

சிட்டுவின் அண்ணன் தெருக்காரர்களுக்காக ஓர் இணையப் பக்கம் செய்திருந்தான். பஸ்ஸில் வருகிறவர்கள், "இங்கே வந்தாச்சு" என்று போனில் எழுதுவார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள்.

அன்று காலை மாடி வீட்டு மாமா பஸ்ஸைத் தவறவிட்டார். வாரம் மூன்று நாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

"இணையப் பக்கத்துல ஒண்ணுமே வரலையேம்மா. அதான் உட்கார்ந்திருந்தேன்," என்றார், படியில் மூச்சு வாங்கியபடி.

அண்ணனின் முகம் தொங்கிப்போயிற்று. "பாலத்து வளைவுல எந்தக் கம்பெனி போனுக்கும் நெட் கிடைக்காது, சிட்டு. பேச மட்டும்தான் முடியும். நெட் திரும்ப வர்றதுக்குள்ள பஸ் நம்ம நிறுத்தத்துக்கே வந்துடுது."

சாயங்காலம் சிட்டு சைக்கிளில் வளைவுக்குப் போனாள். அங்கே பஞ்சர் கடை அக்கா டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பார்ப்பீங்களா?"

"என் மூக்கை உரசிட்டுத்தானே போகுது!"

"அப்போ எங்க தெரு இணையப் பக்கத்துல எழுதலாமே?"

அக்கா தன் பட்டன் போனைக் காட்டினார். "இதுல அதெல்லாம் திறக்காது கண்ணு. ஊரே எழுதுது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல."

சிட்டு யோசித்தாள். "மிஸ்டு கால் போகுமா?"

"ஓ, போகுமே."

"பஸ் திரும்பினதும் எங்க அம்மா போனுக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. நான் எழுதிடறேன்."

"கையெல்லாம் கிரீஸா இருக்குமே."

"ஒரே பட்டன்தான். முழங்கையால அழுத்தினாலும் போதும்."

அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

மறுநாள் மாமாவுக்கு ஆஸ்பத்திரி இல்லை. அதற்கு மறுநாள் காலை, அம்மாவின் போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. சிட்டு எழுதினாள்: "வளைவு தாண்டியாச்சு. சொன்னவர், பஞ்சர் கடை அக்கா."

மாமா நிதானமாகப் படியிறங்கினார். பஸ் வந்தபோது அவர் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பள்ளி விட்டதும் சிட்டு அண்ணனின் போனை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனாள். அது நெட் இல்லாத இடமாயிற்றே! அதனால் பக்கத்தை முன்பே படம் பிடித்து வைத்திருந்தாள்.

"பதினேழு பேர் உங்களுக்கு நன்றி எழுதியிருக்காங்க. 'உங்க புண்ணியத்துல சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்'னு மாமா எழுதியிருக்கார்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்லேருந்து படி. ஒருத்தரையும் விட்டுடாதே."